கோத்தகிரிக்குப் போன மூன்று மூட்டை

கொடைக்கானல்,
4 மார்ச் 2024

அன்புத் தங்கை சத்தியபிரியாவுக்கு,

நலம். வீட்டில் எல்லாரும் நலம்தானே?

உனக்குப் போன் போட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண்குரல் அலுக்காமல் சொல்கிறது. கவுஞ்சிக்கு ஒழுங்காக டவர் வருவதற்குள் எனக்குப் பேரனே பிறந்துவிடுவான் போல. அதனால் பழைய வழிக்கு வந்துவிட்டேன். டெம்போ பொன்னுவேல் அண்ணன் இங்கே காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும்போது இதைக் கொண்டுவருவார். பதிலையும் அவர் கையிலேயே கொடு.

விஷயம் இதுதான். கடைக்கு ஆன்லைன் பக்கம் ஆரம்பித்தபோது வீடியோ போடுகிறவர்கள் ஏழெட்டுப் பேரை அஃபிலியேட்டாகச் சேர்த்தேன். அவரவர் வீடியோவுக்குக் கீழே நம் கடை லிங்க். அதைத் தொட்டு யார் பூண்டு வாங்கினாலும், தைலம் வாங்கினாலும் அவரவருக்குக் கமிஷன். இப்போது மிச்சம் இருப்பது நீயும் வில்பட்டி அஜித்குமாரும்தான். மற்றவர்கள் பெரிய கம்பெனிகள் பக்கம் போய்விட்டார்கள். அத்தாவிடம் சொன்னேன். "ஆளு போனா போனவன ஏசாதடா. நம்ம கடையில என்ன கொறைன்னு பாரு" என்கிறார்.

அதனால் கேட்கிறேன். உன்னைப் போன்றவர்களுக்கு என்னைப் போன்றவனிடம் என்னதான் வேண்டும்? ஒளிக்காமல் எழுது. திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஜாசிம்
(இப்ராம்சா மளிகை)


கவுஞ்சி,
9 மார்ச் 2024

ஜாசிம் அண்ணனுக்கு,

திட்டச் சொல்லிக் கேட்ட முதல் முதலாளி நீங்கள்தான். ஆசையை ஏன் கெடுப்பானேன், திட்டிவிடுகிறேன்.

கமிஷனைச் சொன்ன தேதியில் போடுங்கள். ஒவ்வொரு மாதமும் நான் கேட்டு, நீங்கள் மறந்து, பிறகு நான் கேட்க வெட்கப்பட்டு, இது என்ன பெண் பார்க்கிற சோலியா? அடுத்தது, என் வீடியோவை இன்று பார்க்கிற பெண் இன்றே வாங்க மாட்டாள். வீட்டுக்காரரிடம் கேட்பாள், அக்காவிடம் கேட்பாள், சம்பளம் வரட்டும் என்று காத்திருப்பாள். அதற்குள் லிங்க் செத்துப்போனால் அவள் வாங்கியது என் கணக்கில் வருவதே இல்லை. ஒரு மாதமாவது அது உயிரோடு இருக்கட்டும். பெரிய கம்பெனிகளுக்கு எல்லாரும் ஓடுவது இதற்குத்தான். எனக்கு மட்டும் அங்கே போகப் பிடிக்கவில்லை. அங்கே கோபப்படுவதற்குக்கூட ஒரு ஆள் இல்லை.

கடைசியாக ஒன்று. எனக்கு இதுதான் முக்கியம். சரக்கு மாறினால் எனக்கு முதலில் சொல்லுங்கள். வீடியோவில் நான் காட்டுவது எங்கள் அடுப்புக்கு மேலே பரணில், புகையில் தொங்குகிற பூண்டு. அப்பா இந்த வருடம் விதைக்குக்கூட வைக்காமல் அத்தனையையும் உங்கள் கடைக்குத்தான் போட்டார். அந்த நம்பிக்கையில்தான் நான் வாய் திறக்கிறேன். பணம் கொடுக்கிறவர்களுக்கு உங்களைத் தெரியாது, என் முகம்தான் தெரியும்.

எங்கள் சித்தியையே பாருங்கள். கோத்தகிரிப் பக்கம் இருக்கிறார்கள். பாய் வாங்கினாலும் துடைப்பம் வாங்கினாலும் நான் டவர் கிடைக்கிற இடத்துக்கு வந்ததும் "ஒன் லிங்க அனுப்பு புள்ள" என்று போன் வந்துவிடும். எனக்கு நாலு காசு கிடைக்கட்டும் என்றுதான்.

அன்புடன்,
சத்தியா


கொடைக்கானல்,
2 ஏப்ரல் 2024

அன்புத் தங்கைக்கு,

தேதி சரி, ஒரு மாத லிங்க்கும் சரி. சாஃப்ட்வேர் பையனிடம் சொல்லிவிட்டேன்.

சரக்கு விஷயம் எழுதியிருந்தாய். சரக்கு எதற்கு மாறப்போகிறது? அத்தா கடையில் உட்கார்ந்த நாளிலிருந்து விற்பது மலைப்பூண்டுதானே. அத்தாவுக்குத்தான் நெஞ்சு வலி வந்து மதுரையில் சேர்த்திருக்கிறோம். அடைப்பு என்கிறார்கள். கடையிலும் மதுரையிலுமாக மாறி மாறி அலைகிறேன்.

உன் புகைப்பரண் வீடியோ எங்கெங்கோ ஓடுகிறது. ஆர்டர் வந்து குவிகிறது. போன வாரம் ஒரே ஆளாக மூன்று மூட்டை, கோத்தகிரிப் பக்கம், உன் லிங்க்கில்தான். யாரோ கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர் போலிருக்கிறது. கடையில் அவ்வளவு இருப்பு இல்லை, ஆனாலும் எப்படியோ புரட்டி அனுப்பிவிட்டேன். வந்த ஆர்டரை விடலாமா?

ஜாசிம்


கவுஞ்சி,
8 ஏப்ரல் 2024

அண்ணனுக்கு,

அத்தா எப்படி இருக்கிறார்? எங்கள் அப்பா வீரையா, மனிதர் கோயில் பக்கமே போகாதவர், பூம்பாறை வேலப்பர் கோயிலில் போய் உங்கள் அத்தா பேரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். "இப்ராம்சா பாய் வெரசா எந்திரிச்சு வரணும், வேற யாருகிட்ட நான் வெல பேசுறது?" என்கிறார்.

கல்யாணச் சமையல்காரரா! அண்ணே, அது எங்கள் சித்தப்பா நல்லசாமி. அப்பாவின் தம்பி. இலங்கையில் கண்டித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்து, அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டுக் கப்பலேறி இங்கே வந்தபோது, சர்க்காரில் அப்பாவை இந்த மலைக்கும் அவரை நீலகிரிக்கும் பிரித்து அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருடமும் எஸ்டேட் கூலியாகவே இருந்தவர் இப்போதுதான் முதல்முறையாக அரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்திருக்கிறார். சித்தியின் தோடு வரைக்கும் அதில் போயிருக்கிறது. அந்த மூன்று மூட்டையும் சமையலுக்கு இல்லை, விதைக்கு. எங்கள் ஆட்களுக்குப் பூண்டு என்றால் முதலில் விதை, மிஞ்சினால்தான் ரசம்.

வீரையா அண்ணன் பூண்டுதானே அந்தக் கடையில் இருக்கிறது, அதைப் பிள்ளையின் லிங்க்கிலேயே வாங்குவோம் என்று வாங்கியிருக்கிறார். பல் எங்கள் பூண்டைவிடப் பெரிசாக இருக்கிறதாம், அவருக்கு ஒரே சந்தோஷம். சித்திரை மழை ஒன்று இறங்கட்டும், நட்டுவிடலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பூம்பாறைக்கு மேலே டவர் கிடைக்கிற வளைவில் நின்று அவரோடு பேசினேன். அறுபது வயதுக்கு மேலே ஒரு மனுஷன் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

சத்தியா


கொடைக்கானல்,
27 ஏப்ரல் 2024

தங்கைக்கு,

உன் கடிதம் அன்றைக்கே கிடைத்தது. பதில் எழுதத் தாமதம். அத்தாவுக்கு ஆபரேஷன் முடிந்தது. வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். பேச்சு குறைந்துவிட்டது.

இந்த மாதக் கமிஷன் போட்டிருக்கிறேன். கொஞ்சம் சேர்த்தே போட்டிருக்கிறேன், வைத்துக்கொள்.

சீசன் ஆரம்பித்துவிட்டது. வத்தலக்குண்டு ரோட்டில் கார் நகரவில்லை. கடையில் நிற்க நேரமில்லை. சித்தப்பா நட்டுவிட்டாரா?

ஜாசிம்


கவுஞ்சி,
8 செப்டம்பர் 2024

ஜாசிம் அண்ணனுக்கு,

நாலு மாதமாக நான் எழுதவில்லை, உங்களிடமிருந்து பதில் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. இப்போது தேவைப்படுகிறது.

சித்தப்பா மே மாதமே நட்டார். ஜூனில் போட்டோ அனுப்பினார்கள், பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. ஜூலையில் முட்டி உயரம். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். ஆகஸ்ட் கடைசியில் தாள் பழுக்க வேண்டும், பழுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று விட்டார். போன வாரம் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். அடியில் பூண்டு இல்லை. பெரிய வெங்காயத்தாள் மாதிரி ஒரு தண்டு, கீழே வேர், அவ்வளவுதான். பாத்தி பாத்தியாகப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார். எங்கேயும் இல்லை.

போட்டோவை அப்பாவிடம் காட்டினேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "இது நம்ம தாள் இல்ல சத்தியா. இது வடக்கத்திப் பூண்டு. திங்கலாம், நடக் கூடாது. இங்கன நட்டா தழைதான் வரும், அடியில ஒண்ணும் வைக்காது" என்றார்.

பொன்னுவேல் மாமாவைக் கேட்டேன். மார்ச் கடைசியில் திண்டுக்கல் லாரியில் உங்கள் கடைக்குப் பூண்டு மூட்டை இறங்கியதாம். அவரே தோள் கொடுத்து இறக்கினாராம்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். சித்தப்பா யாரைக் குறை சொல்கிறார் தெரியுமா? தன்னையே. "ஏங் கைதான் வெளங்காத கை. தேயில கிள்ளுன கை புள்ள, இதுக்கு வெள்ளாம வராது. சத்தியா சொன்ன வெதையில தப்பிருக்காது" என்று சித்தியிடம் சொல்கிறாராம். குத்தகைக்கு விட்டவரிடமும் அதையே சொல்லித் தலை குனிந்து நிற்கிறாராம்.

பல் பெரிதாக இருக்கிறது என்று உங்களுக்குச் சந்தோஷமாக எழுதியதும் நான்தான். விவசாயி மகளுக்கு அது உறைக்கவில்லை. அந்தப் பழி என்னுடையது. உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அந்த மூட்டைகளில் இருந்தது என்ன?

சத்தியபிரியா


கொடைக்கானல்,
20 செப்டம்பர் 2024

தங்கைக்கு,

உன் அப்பா சொன்னது சரி.

உங்கள் வீட்டுப் பூண்டு வந்த வேகத்தில் தீர்ந்துவிட்டது. உன் வீடியோவால் ஆர்டர் நிற்கவில்லை. அப்போது அத்தா மதுரையில் படுத்திருந்தார், ஆஸ்பத்திரியில் தினம் தினம் பணம் கட்டச் சொன்னார்கள். திண்டுக்கல் மண்டியில் வடநாட்டுப் பூண்டு எடுத்தேன். தாளித்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, சமையலுக்கு ஒரு குறையும் இல்லாத சரக்கு. நான் மளிகைக்காரன் சத்தியா. பூண்டைப் பார்த்தால் எனக்குச் சட்டிதான் ஞாபகம் வரும், மண் ஞாபகம் வராது. அதை ஒருவர் நடுவார் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

ஏப்ரலில் நீ எழுதிய பிறகு நினைத்திருக்கலாமே என்று கேட்பாய். நினைத்தேன். கோத்தகிரி நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் அந்த மூன்று மூட்டையோடு முடியாது, வாங்கிய எல்லாருக்கும் சொல்ல வேண்டிவரும். கடை இருக்காது என்று பயந்தேன். ஒருவேளை அங்கே விளைந்தாலும் விளையும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மழை வந்துவிட்டதா என்று தினமும் நீலகிரி வானிலையைப் பார்த்தேன். மழை வந்ததும் இனி சொல்லி என்ன ஆகும் என்று விட்டுவிட்டேன்.

நஷ்டத்தைக் கொடுத்துவிடுகிறேன். குத்தகை, கூலி, விதை எல்லாம். ஒரே ஒரு வேண்டுகோள். இதை உன் சேனலில் போடாதே. அத்தா இப்போதுதான் வாசல் வரைக்கும் நடக்கிறார். அவருக்கு எதுவும் தெரியாது.

ஜாசிம்


கவுஞ்சி,
15 அக்டோபர் 2024

ஜாசிம் அண்ணனுக்கு,

நீங்கள் அனுப்பிய பணத்தைப் பொன்னுவேல் மாமாவிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். கோபத்தில் இல்லை. அதைச் சித்தப்பா கையில் என்ன சொல்லிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் கோத்தகிரியில் இல்லை. தோட்டத்தில் நின்றதைப் பிடுங்கக்கூடச் செய்யாமல் அப்படியே போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். சித்தி வீரம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் பிசிர் நூல் வெட்டுகிற வேலை. சித்தப்பா ஒரு குடோனில் வாட்ச்மேன். இலங்கையிலிருந்து வரும்போது கொண்டுவந்த டிரங்குப் பெட்டியைத்தான் இப்போதும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். "அப்ப தொரத்துனாய்ங்க, வந்தோம். இப்ப யாரும் தொரத்தல, நாங்களாத்தான் போறோம்" என்று சித்தி போனில் சொன்னார். அன்றைக்கு நான் அந்த வளைவிலேயே உட்கார்ந்து அழுதேன். ரோட்டில் போன டூரிஸ்ட் கார் ஒன்று நின்று, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டது.

சேனலில் போட மாட்டேன். உங்கள் அத்தாவுக்காக. ஆனால் அந்தப் புகைப்பரண் வீடியோவை நீக்கிவிட்டேன். இனிமேல் புதிதாகவும் போடப்போவதில்லை.

உங்களிடம் எனக்கு வேண்டியது ஒன்றுதான். சித்தப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். என்ன பூண்டு அனுப்பினீர்கள் என்று உங்கள் கையால், உங்கள் பேரில். நான் வாயால் சொன்னால் நம்ப மாட்டார். அவருக்கு ஆறுதல் சொல்ல நான் கதை கட்டுகிறேன் என்பார். அந்த மனுஷன் தன் கையைத் தானே வெறுத்துக்கொண்டு குடோன் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அதை உங்கள் பணத்தால் சரிசெய்ய முடியாது.

என்ன வேண்டும் என்று மார்ச்சில் கேட்டீர்கள். சரக்கு மாறினால் சொல்லுங்கள் என்றேன். அதை இப்போதாவது செய்யுங்கள்.

சத்தியபிரியா


கொடைக்கானல்,
24 நவம்பர் 2024

தங்கைக்கு,

ஒரு மாதமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பஸ் ஏறிக் கோத்தகிரிக்கே போய்விட்டேன். இடத்தைக் காட்டினார்கள். இரண்டு மாடுகள் உள்ளே மேய்ந்துகொண்டிருந்தன. நின்றவற்றில் ஒன்றைப் பிடுங்கினேன். நீ எழுதியிருந்தாய்தான், ஆனாலும் கையில் பிடித்துப் பார்க்கும்போது வேறு மாதிரி இருந்தது. வரப்பெல்லாம் கயிறு பிடித்த மாதிரி நேராக இருந்தது. எனக்கு விவசாயம் தெரியாது, ஆனால் அது வெளங்காத கை போட்ட வரப்பு இல்லை என்று எனக்கே தெரிந்தது.

திரும்பி வந்து அத்தாவிடம் சொல்லிவிட்டேன். ஏசுவார் என்று நினைத்தேன். எழுதியதை வாசிக்கச் சொன்னார். நான் வாசித்ததும், "கையெழுத்து மட்டும் போட்டா நீ மட்டும் செஞ்சதா ஆயிரும். கடை முத்திரையும் வையிடா" என்றார். வைத்திருக்கிறேன். அந்தப் பூண்டை வாங்கிய மற்றவர்களுக்கும் எழுதி அனுப்பச் சொல்லிவிட்டார். அதன்பிறகு ஆன்லைன் பக்கம் இருக்குமோ இருக்காதோ, தெரியவில்லை. அத்தா என்னோடு ஒரு வேளைகூட உட்கார்ந்து சாப்பிடவில்லை.

கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். பணமும் இருக்கிறது. கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம்.

ஜாசிம்

*பெரியவர் நல்லசாமி ஐயாவுக்கு, கொடைக்கானல் இப்ராம்சா மளிகை ஜாசிம் எழுதிக்கொண்டது. நீங்கள் கேட்டது கவுஞ்சி மலைப்பூண்டு. நான் அனுப்பியது திண்டுக்கல் மண்டியில் வாங்கிய வடநாட்டுப் பூண்டு. அதை நம் மலையில் யார் நட்டாலும் விளையாது. நீங்கள் வாங்கியது விதைக்கு என்று, நடுவதற்கு முன்பே எனக்குத் தெரியவந்தது, நான் சொல்லவில்லை. உங்கள் மண்ணிலும் கையிலும் குறை இல்லை. சத்தியபிரியாவுக்கு இது எதுவும் தெரியாது.*


கவுஞ்சி,
19 ஜனவரி 2025

ஜாசிம் அண்ணனுக்கு,

பொங்கல் கழித்துத் திருப்பூருக்குப் போய்வந்தேன். அதனால்தான் தாமதம்.

கடிதத்தைச் சித்தப்பா கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார். கடை முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளங்கை இரண்டையும் விரித்து மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப ஏங் கையில குத்தமில்ல" என்றார். கேள்வியா, சொன்னதா என்று தெரியவில்லை. சித்திதான் "இல்லைங்கறேன், இல்லைங்கறேன், கேட்டாத்தான" என்று சொல்லிக்கொண்டே அழுதார். சித்தப்பா உங்களை ஏசவில்லை. கோத்தகிரிக்கே நீங்கள் போய்ப் பார்த்ததைச் சொன்னேன். "ஆளில்லாத ஊட்டுக்கு வந்திருக்காரே, ஒரு தேத்தண்ணிகூட இல்லாம" என்றார். பணத்தில் விதைக்காசை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிவிட்டார். இந்தக் கடிதத்தோடு இருக்கிறது.

நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. சாப்பிட்டோம். பழைய கதை பேசினோம். கிளம்பும்போது சித்தி, குக்கர் ஓட்டையாகிவிட்டது, புதுசு வாங்கணும் என்றார். வழக்கமாக அடுத்த வார்த்தை என்ன வரும் என்று எனக்குத் தெரியும். லிங்க் அனுப்புகிறேன் சித்தி என்று நானே போனை எடுத்துவிட்டேன்.

சித்தப்பா என் தலையில் கை வைத்தார். "வேணாம் புள்ள. நாங்க கடைக்கே போயி, கையில எடுத்துப் பாத்து வாங்கிக்கிறோம்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். ரொம்பப் பிரியமாகச் சொன்னார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்து, எனக்கு ஜன்னல் சீட்டுப் பிடித்துக் கொடுத்தார்.

என் பேரை உங்கள் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அத்தாவை அப்பா விசாரித்தார். சாப்பாட்டுக்கு உங்களோடு உட்காருகிறாரா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், நான் பதில் எழுதுவேன்.

குக்கர் நேற்று வாங்கிவிட்டார்களாம். எந்தக் கடையில் என்று நான் கேட்கவில்லை.

சத்தியா